பச்சையம்மாள் வீட்டு அலாரம்

"கீழ எறக்குங்கப்பா அவன! மொதல்ல போலீஸ்ல புடிச்சுக் குடுக்கணும்!"

கூட்டத்தில் ஒரு குரல் இப்படிக் கிளம்பியதும் ஏணிமேல் நின்ற இளவரசன் சட்டென்று திரும்பிப் பார்த்தான்.

அவன் திருடனில்லை. அந்த வீட்டு வாசலில் போன மாதம்தான் திருட்டு அலாரத்தை மாட்டிக் கொடுத்த மெக்கானிக். சங்கராபுரத்தில் கடை போட்டு ஆறு வருடம் ஆகிறது, இப்படியொரு பழி அவன்மேல் விழுந்ததில்லை.

அந்த வீட்டில் பச்சையம்மாள் தனியாக இருக்கிறாள். நேற்றுக் காலை கச்சிராயபாளையத்தில் ஒரு சாவுக்குப் போய்விட்டு மாலை பஸ்ஸில் திரும்பினால், கதவு பிளந்து கிடந்தது. வாசல் மீட்டர் பெட்டியில் ஃபியூஸைப் பிடுங்கி எறிந்திருந்தார்கள். புருஷன் போன பிறகு அவளுக்கென்று இருந்த பதினோரு பவுனில் பொட்டுத் தங்கம் மிச்சமில்லை. அலாரத்தின் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொண்டு சுவரில் தொங்கியது.

"கரண்ட்டு போனாலும் பேட்டரில கத்தும்னியே தம்பி. கை வெச்சு நிறுத்துற வரிக்கும் கத்திகினே இருக்கும்னியே," என்றாள் பச்சையம்மாள். திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

எதிர்வீட்டு அம்சவள்ளி பக்கத்தில் உட்கார்ந்து சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். "நேத்து முச்சூடும் வூட்லதான்க்கா இருந்தோம். ஒரு சத்தமும் கேக்கல. கேட்டிருந்தா தெருவே தெரண்டு வந்திருக்காது?"

சுற்றி நின்ற பத்துப் பேரும் தலையாட்டினார்கள்.

"அது எனக்குத் தெரியாதாடி?" பச்சையம்மாள் அம்சவள்ளியின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். "எம் புள்ள மெட்ராஸுக்கே வந்துடுன்றான். நீங்கல்லாம் இருக்கறப்போ நான் ஏன் போவணும்? போனது நகதான். மனுசங்க போவலியே."

தன் கை பிசகினதால் இவள் நடுத்தெருவுக்கு வந்தாள் என்றால், இந்தத் தொழிலையே விட்டுவிட வேண்டியதுதான் என்று இளவரசன் நினைத்தான்.

ஒயரைத் தடவித் தடவிப் பார்த்தான். ஒரு முனைகூடக் கழன்றிருக்கவில்லை. கரண்ட் அளக்கும் தன் கை மீட்டரை ஸ்பீக்கரில் வைத்தான். உள்ளே மெல்லிசாக 'டிக்' என்றது. அது அவனுக்கு மட்டும்தான் கேட்டது. ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது.

இறங்கிவந்து கதவோரம் இருந்த அலாரப் பெட்டியைத் திறந்து பேட்டரியை அளந்தான். பூஜ்யம் காட்டியது. இன்னொரு தரம் அளந்தான். அதே பூஜ்யம்.

போன மாதம் போட்ட புது பேட்டரி. கரண்ட் இல்லாவிட்டாலும் சும்மா கிடந்தால் இரண்டு நாள் தாங்கும். ஒரு பொழுதுக்குள் இப்படித் துடைத்துவிட்டாற்போல் காலியாக ஒரே வழிதான் உண்டு. நாலு மணி நேரமாவது அது விடாமல் அலறியிருக்க வேண்டும்.

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. தப்பு தன்னுடையதில்லை!

"ம்மா, பேட்டரி முழுசா தீந்துருக்குது. இது சும்மாக் கெடந்தா தீராது..." என்று ஆரம்பித்தவன் நிமிர்ந்தான்.

அம்சவள்ளியின் கையில் சோற்று உருண்டை அப்படியே நின்றது. சற்று முன்பு போலீஸ் என்று கத்தியவர் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். ஒருத்தரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த அலறலைக் கேட்டும் தெருவே கதவைச் சாத்திக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்ததை யாரிடம் போய்ச் சொல்வது?

"தீராதுன்னா இன்னா தம்பி? அப்போ ஏன் கத்தல?" பச்சையம்மாள் அவனையே பார்த்தாள். அம்சவள்ளியின் கையை அவள் இன்னும் விடவில்லை.

இளவரசன் பேட்டரியை எடுத்துப் பைக்குள் போட்டு மூடினான்.

"தப்பு என்னுதுதாம்மா. அது கத்தவேயில்ல."