தில்லி தந்த படகு

அவர் சாவியைத் திருகினார். எஞ்சின் இருமியது. நின்றது.

மறுபடியும் திருகினார்.

இந்த முறை இருமல்கூட இல்லை.

படகுத்துறையில் கித்தேரி நின்றிருந்தாள். அவள் புருஷன் சூசை நேற்று விடியலில் தனியாக நண்டு வலைக்குப் போனவன். இன்னும் கரை திரும்பவில்லை.

"போவாதா சார்?"

கடலோரக் காவல் நிலையத்தின் எஸ்.ஐ. அவர். படகிலிருந்து இறங்கினார்.

ரோந்துக்கென்று மத்திய அரசு நிதியில் வந்த வேகப் படகு. வந்த புதிதில் நன்றாகத்தான் ஓடியது. போன மழைக்காலத்தில் எஞ்சின் படுத்துவிட்டது. வாங்கித் தருவதோடு எங்கள் வேலை முடிந்தது என்றது தில்லி. தந்தவர்களையே கேளுங்கள் என்றது சென்னை.

இரண்டு பக்கமும் எழுதி ஓய்ந்திருந்தார்.

கித்தேரியின் தம்பி மிக்கேல் தன் ஃபைபர் படகைத் தண்ணீருக்குள் தள்ளினான். அவர் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறிக்கொண்டார்.

தர்மபுரிக்காரர். இந்த வேலைக்கு வந்த பிறகுதான் கடலையே பார்த்தார்.

கரை மறைந்ததும் வாந்தி எடுத்தார். திரும்பத் திரும்ப எடுத்தார். மிக்கேல் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

உச்சி வெயிலில் சூசை தென்பட்டான்.

கவிழ்ந்த வள்ளத்தின் மேல் குப்புறக் கிடந்தான். உயிர் இருந்தது.

இருவரும் சேர்ந்து அவனைத் தூக்கி ஃபைபர் படகில் போட்டார்கள்.

கரையில் கித்தேரி அழவில்லை. புருஷனின் தலையை முந்தானையால் துவட்டிக்கொண்டே இருந்தாள். தலை எப்போதோ காய்ந்திருந்தது.

டி.எஸ்.பி. போன் செய்தார்.

"நல்ல வேலைய்யா. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள அந்த ஆளை நம்ம போட் பக்கத்துல நிறுத்தி ஒரு படம் எடுத்து அனுப்பு. போட் சும்மா கிடக்குதுன்னு தில்லியில கேக்குறாங்க. இந்தத் தடவை ரிப்பேருக்கும் சேர்த்து நிதி கேட்டிருக்கோம். படம் போனாத்தான் வரும்."

"சார், நாங்க போனது மிக்கேலோட படகுல..."

"தெரியும்யா."

அவர் கித்தேரியிடம் போய் நின்றார். பாதி சொன்னார். மீதி வரவில்லை.

மிக்கேல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் துறையில் கட்டிக் கிடந்த வேகப் படகைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். காக்கிச் சட்டையில் வாந்தி காய்ந்திருந்தது. காலில் பூட்ஸ் இல்லை.

புருஷனின் கக்கத்தில் கை கொடுத்து எழுப்பினாள்.

"ஒரு நிமிஷம் நின்னுட்டு வாங்க," என்றாள். "சார் பாவம்."

சூசை வேகப் படகில் கை ஊன்றி நின்றான்.

படம் எடுத்து முடித்த பிறகும், அவர் முகத்துக்கு நேரே பிடித்திருந்த போனைக் கீழே இறக்கவில்லை.