விடாத ரத்தம்

கடல்பாசி எடுக்க முங்கினால் ஜெனோவா நாற்பது நிமிடம் மேலே வரமாட்டாள். பாசி வாங்கும் கம்பெனி போட்ட ஊசிக்குப் பிறகு, ஒருமுறை இழுத்த காற்றை அவள் ரத்தம் இறுகப் பிடித்துக்கொண்டு சிறுகச் சிறுகத்தான் கொடுத்தது. ஊசி போடாத பெண்களைப் பாம்பனில் யாரும் படகில் ஏற்றுவதில்லை.

ஐந்தாம் மாத ஸ்கேனில் டாக்டரம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை.

"பிள்ளை வளரலையே தாயி. வயித்துப் பிள்ளையோட ரத்தம் தாய் ரத்தத்துலேருந்து காத்தை இழுத்துக்கும். உன் ரத்தம் விடமாட்டேங்குது."

"ஊசி மருந்தை முறிச்சு விட்டுருங்கம்மா."

"பழையபடி ரத்தம் ஊற நாலு மாசம் ஆகும். பிள்ளை அதுவரைக்கும் தாங்காது."

மறுநாளும் கடலுக்குப் போனாள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்கியவள் ஒரே நிமிடத்தில் மேலே வந்து, படகின் விளிம்பைப் பிடித்தபடி மூச்சை இழுத்து இழுத்து விட்டாள்.

கூட வந்த ரெஜினா பதறிப்போனாள். "என்னடி, ஊசி கேக்கலையா?"

"கேக்குதுக்கா." நெஞ்சு வலிக்க வலிக்க இன்னொரு மூச்சை இழுத்தாள் ஜெனோவா. "ரத்தத்துல காத்து ரொம்பி வழிஞ்சா, உள்ள இருக்குறதுக்குக் கொஞ்சம் கிடைக்காதா?"