நகராத அம்பு

“இன்னிக்கு வியாழக்கிழமை ஆச்சே, வீபே?” என்று கதவைப் பாதி திறந்தபடி கேட்டாள் ஹிஸ்கே.

கேட்டதில் தப்பில்லை. தெருக்கோடிக் கூடத்தில் அக்கம்பக்கத்தாரின் பழுதான சாமான்களைக் காசு வாங்காமல் சரிசெய்து கொடுக்கும் வீபே, சனிக்கிழமை தவிர மற்ற நாளில் திருப்புளியைத் தொடமாட்டான்.

“ஹார்மன்தான் முந்தாநாள் மெயில் போட்டிருந்தார். வியாழக்கிழமை பத்து மணிக்கு டாக்டர் வர்றாராம், அவரே பேசணுமாம். ‘டச்பேட் அன்னிக்கு வேலை செய்யாது, ஒன்பதுக்கே வந்துடு’ன்னு எழுதியிருந்தார். படகோட்டினவருக்குக் காத்து எப்பத் திரும்பும்னு தெரியும் சரி. லேப்டாப் எப்பப் படுக்கும்னுகூடவா தெரியும்?”

ஹிஸ்கே சிரிக்கவில்லை. வழிவிட்டாள்.

முன்னறையில் சன்னலோரக் கட்டிலில் அவள் கணவர் ஹார்மன் சாய்ந்திருந்தார். நாற்பது வருடம் படகு ஓட்டிய உடம்பு. தசைகளைத் தின்னும் நோய், மூன்றே வருடத்தில் வலது ஆள்காட்டி விரலை மட்டும் மிச்சம் வைத்திருந்தது.

அந்த விரல் டச்பேடில் ஊர்ந்து ஊர்ந்து எழுத்துகளைத் தொடும். லேப்டாப் அதைக் குரலாகச் சொல்லும். மவுஸைப் பிடிக்கக் கையில் வலு இல்லை. இமையும் இப்போதெல்லாம் தானாகத் துடிப்பதால், அவர் கண் சிமிட்டினால் யாரும் அதை ஆமாம் என்று எடுத்துக்கொள்வதில்லை.

வீபே லேப்டாப்பைத் திறந்தான். திரை விழித்தது. அம்பு மட்டும் அசையவில்லை. தூங்கி எழுந்ததும் கை கால் வராமல் போவது மனிதனுக்கு வந்தாலே கொடுமை, இந்தச் சனியனுக்கும் அதே வியாதி.

போன மாதமும் இதே கதைதான். டாக்டர் வந்தார், கேள்வி கேட்டார், பதில் வராமல் திரும்பிப் போனார். மறுநாள், வீட்டுக்கு வந்து பார்த்துப்போகும் நர்ஸ் சொல்லித்தான் வீபேவுக்கு விஷயமே தெரிந்தது. ஓடி வந்து சரிசெய்துவிட்டுப் போனான்.

இன்றைக்கும் பதில் வராவிட்டால், நினைவு தப்பியவர் என்று எழுதிப் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வீபேவின் அண்ணனை அப்படித்தான் அனுப்பினார்கள். பதினோரு மாதம் சுவரைப் பார்த்துக் கிடந்தே செத்துப்போனான். இன்னொருவருக்கு அந்தக் கதி வர வீபே விடமாட்டான்.

பையிலிருந்து தன் மவுஸை எடுத்துச் செருகினான். அமைப்புகளுக்குள் போய்த் தேடினான். ‘மின்சாரத்தை மிச்சப்படுத்த இதை அணைக்கலாம்’ என்ற வரிக்குப் பக்கத்தில் டிக் இருந்தது.

“போன மாசமே இதை எடுத்துட்டேனே. மறுபடி எப்படி வந்துச்சு? எல்லாம் இந்த அப்டேட் பண்ற வேலை. நம்ம வீட்டுக்குள்ளயே புகுந்து நாற்காலியை மாத்திப் போட்டுட்டுப் போயிடுது.”

“இருக்கும்,” என்றாள் ஹிஸ்கே.

“முதல் தடவை கூடத்துக்குக் கொண்டு வந்தப்பவே எல்லாத்தையும் காட்டிக் குடுத்தேனே? நீங்ககூடத் துண்டுச்சீட்டுல எழுதிக்கிட்டீங்க. காலையிலயே ஒரு தடவை பாத்திருக்கலாம்ல?”

கூடத்தின் சட்டம் அது. சாமானைப் போட்டுவிட்டுப் போக முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, பழுதைப் பார்த்துப் புரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

“வயசாச்சுப்பா. எதுவும் ஞாபகத்துல நிக்கறதில்ல,” என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனாள்.

வீபே டிக்கை எடுத்தான். லேப்டாப்பை மூடித் தூங்கவிட்டுத் திறந்தான். மூன்று முறை செய்து பார்த்தான், மூன்று முறையும் அம்பு விரலோடு ஓடியது. பிறகு அதை ஹார்மனின் விரலடியில் வைத்தான்.

விரல் நகர்ந்தது. வெகுநேரம் கழித்துக் குரல் வந்தது.

“நன்றி. இங்கயே உக்காரு. டாக்டர் வர்ற வரைக்கும் லேப்டாப்பை விட்டு எழுந்திருக்காத.”

“காவல் நாய் மாதிரி உக்காந்திருக்கேன், போதுமா?”

ஹார்மனின் கண்கள் சிரித்தன. வீபேவுக்கு மனசு நிறைந்துபோனது.

பத்து மணிக்கு டாக்டர் போஸ்மா வந்தார். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஹார்மனின் கையைத் தொட்டார்.

“ஹார்மன், கடைசியா ஒரு தடவை உங்ககிட்டயே கேட்டாகணும், நம்ம நாட்டுச் சட்டம் அப்படி. உயிரை முடிச்சுக்கணும்னு நீங்களேதான் கேக்கறீங்களா? இன்னிக்கேவா?”

வீபே டாக்டரின் கைப்பையைப் பார்த்தான். எழுந்து தடுக்கவும் தோன்றவில்லை. விரல் ஒரு தடங்கலும் இல்லாமல் எழுத்து எழுத்தாக நகர்ந்துகொண்டிருந்தது.

“ஆமா. இன்னிக்கே. ரொம்பக் களைச்சுட்டேன்.”

டாக்டர் தலையசைத்தார். “மருந்து தயார் பண்ண அஞ்சு நிமிஷம் ஆகும்,” என்று கைப்பையைத் திறந்தார்.

வீபே வாசல் நடைக்கு ஓடிவந்து கோட்டை எடுத்தான். கை அதற்குள் நுழைய மறுத்தது. பின்னாலேயே வந்த ஹிஸ்கே, கோட்டைப் பிடித்து மாட்டிவிட்டாள்.

“எனக்குத் தெரியாது ஹிஸ்கே. சத்தியமா தெரியாது. இல்லத்துக்கு அனுப்பிடக் கூடாதேன்னுதான் சரி பண்ணினேன்,” என்று அழுதான். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று மேலும் உளறினான். “போன மாசம் அது தானா கெட்டுப்போச்சே, அதனால உங்களுக்கு ஒரு மாசமாச்சும் கூடக் கிடைச்சுது.”

அவள் அவன் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டு, கதவைத் திறந்தாள்.

“தானா எங்க கெட்டுச்சு, வீபே? நான்தான் கெடுத்தேன்.”