ஜாடியில் ஒட்டிய பசை

“மாமா, இது ஊரை ஏமாத்துற வேலை.”

தல்சூ நிமிரவில்லை. கையிலிருந்த ஜாடியில் எண்ணெயைத் தடவித் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

வலைக் கொட்டகைக்குள் கடல் மூடுபனி புகுந்திருந்தது. வெந்நீர்த் தொட்டியில் ஜாடிகள் அமிழ்ந்து கிடந்தன. கழன்ற லேபிள்கள் மேலே மெல்லச் சுற்றின. ஜாடிக்குள் சர்க்கரைப் பாகில், நாரத்தை போன்ற யூஜாப் பழத் துண்டுகள், மஞ்சளாக, தூக்கத்தில் கிடப்பதுபோல.

மருமகள் ஹேவொன் ஒரு லேபிளை எடுத்துப் படித்தாள்.

“கம்பெனிச் சரக்கு! இதுக்கு மேல அத்தையோட மஞ்சள் துணியக் கட்டி, வீட்ல செஞ்சதுன்னு தெருவுக்கே குடுக்கப் போறீங்க. அப்படித்தானே?”

“ஆமா.”

“வெக்கமா இல்ல?”

“இல்ல. அந்தச் சோடா உப்ப எடு.”

அவள் எடுக்கவில்லை. “அத்தை குனிஞ்ச தலை நிமிராம பழம் நறுக்கிப் போட்டாங்களே, அதெல்லாம் எங்க?”

மூலையில் இருந்த ஒரு ஜாடியைக் காட்டினார். “நக்கிப் பாரு.”

ஹேவொன் விரலை விட்டு நக்கினாள். அடுத்த நொடி வாசலுக்கு ஓடித் துப்பினாள்.

“உப்பு!”

“சர்க்கரைன்னு நெனச்சுக் கொட்டிட்டா. கண்ணும் மங்கல். போன வருஷமும் இதே கூத்து.”

“வாயில வெச்சா தெரியாதா?”

“தெரியாது. அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதுல மூக்கும் போச்சு, நாக்கும் போச்சு. சோறும் மண்ணும் ஒண்ணுதான் அவளுக்கு.”

“எங்ககிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லக்கூடாதுன்னா. சொன்னா மட்டும்? நீ நாக்கு வாங்கித் தருவியா?”

ஹேவொன் உப்பு ஜாடியை மூடி வைத்தாள்.

தல்சூ தன் கையிலிருந்த ஜாடியை மூடுபனிக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பனிக்கு நடுவே சின்னச் சூரியன் மாதிரி இருந்தது.

“காய்ச்சலுக்கு அப்புறம் சுவத்தப் பாத்துப் படுத்தவதான். இனிமே நான் எதுக்குன்னு கேட்டா. போன வருஷம் யூஜா பழுத்த வாசத்துக்கு எந்திரிச்சான்னு சொல்ல முடியாது, மூக்குதான் இல்லையே. மரத்துல மஞ்சளப் பாத்து எந்திரிச்சா. கத்தி எடுத்தா. நான் ஜாடிய மாத்திட்டேன். தெருவுல எல்லாரும் ‘அக்கா, உங்க கைப்பக்குவம் யாருக்கு வரும்’னாங்க. அன்னைக்குத்தான் கிண்ணத்துல மிச்சம் வெக்காம சாப்பிட்டா.”

“அத்தையோட ஜாடியிலேயே இதை ஊத்தியிருக்கலாமே? உக்காந்து சுரண்டுறீங்க.”

“ஊத்திப் பாத்தாச்சு. காத்துப் பட்டுப் புளிச்சுப் பொங்கிடுச்சு. பெரிய புத்திசாலி, வந்துட்டா சொல்ல.”

ஹேவொன் சோடா உப்பை எடுத்துக் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“லேபிள் வந்துடும்,” என்றார். “இந்தப் பசைதான் சனியன். போகவே போகாது. எவ விரலாவது ஒட்டி, ஒரு சிரிப்பு சிரிச்சா போதும். அவ மறுபடி சுவத்தப் பாத்துப் படுத்துக்குவா. அப்புறம் எந்திரிக்க மாட்டா.”

இருவரும் தேய்த்தார்கள். வெளியே படகுகள் எங்கேயோ ஒன்றையொன்று தட்டிக்கொண்டன.

“கிழவரே!” வீட்டிலிருந்து மால்சுன்னின் குரல். “ஊர்ப் பொதுக் குளியல் கூடத்துக்குப் போகணும்னு விடிஞ்சதுலேர்ந்து சொல்றேன்! மருமகளே, நீயும் அந்த வலையில மாட்டிக்கிட்டியா?”

பாதி ஜாடிகள் தொட்டியிலேயே கிடந்தன. ஊறட்டும் என்று கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினார்கள். தல்சூ வழி நெடுகக் கட்டை விரலை ஆள்காட்டி விரலோடு ஒட்டி ஒட்டிப் பிரித்துக்கொண்டே நடந்தார். அங்கேயும் பசை.

மதியம் திரும்பினார்கள். மூடுபனி இன்னும் விலகவில்லை. மால்சுன் வாசலிலேயே நின்று ஈரத் தலையைத் துவட்டினாள். தல்சூ நேரே கொட்டகைக்குப் போனார்.

தொட்டி காலி.

பலகை மேல் எல்லா ஜாடிகளும் வரிசையாக நின்றன. யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். ஒரு லேபிள்கூட இல்லை. ஒரு ஜாடியை எடுத்துக் கட்டை விரலால் சுற்றிலும் தடவினார். வழுக்கிக்கொண்டு போனது. எங்கேயும் ஒட்டவில்லை. இத்தனை சுத்தமாக அவருக்கே வந்ததில்லை.

“நீயா?”

“நான் உங்களோடதானே வந்தேன் மாமா.”

வாசலில் சத்தம் கேட்டது. இருவரும் போனார்கள். எதிர்வீட்டு சுனோக், மால்சுன்னின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் தெருப் பெண்கள் நாலைந்து பேர்.

“அக்கா, யூஜா ஆச்சா? எப்பத் தருவீங்க? போன வருஷம் நீங்க குடுத்ததுதான் எங்க வீட்டுக்காரருக்கு மருந்து. கடையில விக்கிறதையெல்லாம் அந்த மனுஷன் தொடவே மாட்டாரு!”

“நாக்கு நீளம்டி உம்புருஷனுக்கு,” என்றாள் மால்சுன். முகமெல்லாம் சிரிப்பு. “இந்த வருஷம் இன்னும் நல்லா வந்திருக்கு.”

“பாத்தாலே தெரியுது அக்கா. எனக்குப் பெரிய ஜாடி!”

தல்சூ சுனோக்கையே பார்த்தார். அவளுடைய சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. முழங்கையில் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. அச்சடித்த பாதி யூஜாப் பழம். அதற்கு மேல் கம்பெனியின் பெயர்.

கிட்டப் போனார். மால்சுன் பார்ப்பதற்குள் அதைப் பிய்த்துக் கைக்குள் கசக்கினார்.

“தூசி,” என்றார்.

“தூசிதான் அண்ணே,” என்றாள் சுனோக்.

பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் அவசர அவசரமாகத் தங்கள் சட்டைக் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.