சூசையப்பரின் மரத்தூள்

“சூசையப்பர் திருநாளுக்கு இஞ்ச பாஸ்தாவில பாண்தூள் வறுத்துத் தூவுவினம். அவர் தச்சரெல்லே, அது அவற்ற மரத்தூளாம்,” என்று போன வருடம் இத்தாலியிலிருந்து தொலைபேசியில் சொன்னாள் றெஜினா. “மரத்தூள் என்ர தலையிலயே கிடக்கு. வந்து தட்டிவிடும்,” என்றான் தச்சுவேலை செய்யும் கணவன் அருள்நேசன். இந்தத் திருநாளுக்கு லீவில் வந்து, ஊர்காவற்றுறை வீட்டுக் குசினியில் அவளே பாண்தூள் வறுத்துத் தூவுகிறாள். மதிய வெயில் யன்னல் கம்பிகளுக்கிடையால் மேசையில் விழுகிறது. வாசலில் நாளைய இத்தாலிப் பயணத்துக்குக் கட்டிய பெட்டி நிற்கிறது. அவனுடைய தட்டைத் தன் பக்கம் இழுத்து, பாஸ்தாவைக் கரண்டியால் சின்னச் சின்னதாக நறுக்குகிறாள், அங்கே தான் பராமரிக்கும் பல்லில்லாத கிழவிக்குச் செய்வதுபோல. பாதியில் அவள் கை நின்றுவிடுகிறது. இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அவள் வேலைக்குப் போய்வரும் இந்தப் பன்னிரண்டு வருடமாகக் கேட்காததை அவன் தட்டைப் பார்த்தபடி கேட்கிறான். “இனிப் போகாதையும், றெஜினா.”