முன்வரிசைச் சொந்தங்கள்

"மாப்பிள்ளை பக்கம் முன்வரிசை நிறைய ஆளுங்க வேணுமுங்க. காலி நாற்காலியைப் பாத்துக்கிட்டு நான் பொண்ணு குடுக்க மாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார் நறுமுகையின் அப்பா குழந்தைவேல்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில், பெற்றோர் இல்லாமல் ஆறு வளர்ப்பு வீடுகள் மாறி வளர்ந்த மாப்பிள்ளை ஈதன் ஆளுக்கு எங்கே போவான்? முன்னோர்களைத் தேடித்தரும் வம்சாவளி நிறுவனத்தில் மரபணுச் சோதனைக்கு எச்சில் துப்பிக் கொடுத்தான். அவர்கள் கப்பல் பட்டியல், தேவாலயப் பதிவேடு எல்லாம் துழாவி, நானூறு வருடத்து முன்னோர்களை, நாற்காலிக்கு ஒன்றாக வைக்கும் பேசும் திரைகளாக்கி ஈரோட்டு மண்டபத்துக்கே அனுப்பிவைத்தார்கள். தமிழும் பேசவைத்திருந்தார்கள்.

தாலி கட்டப்போகும் நேரத்தில் தகராறு.

"அயர்லாந்துக்காரிக்கு முன்வரிசையா? எங்க வீட்டுக்கு வேலைக்கு வந்தவ அவ!" என்றார் ஒரு திரையிலிருந்து, இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த முன்னோர் சைலஸ்.

"அந்த வீட்லதான் உங்க மகன் என்னைக் கட்டிக்கிட்டாரு" என்றாள் பக்கத்துத் திரையில் பிரிஜட். "என் பேரன் கல்யாணம். நான் முன்னாலதான் உக்காருவேன்."

"அவன் எங்க வீட்டுப் பையன்!"

"எங்க பையன்!"

ஈதன் பதறிப்போய்த் திரைகளை அணைக்க ஓடினான். குழந்தைவேல் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"விடுங்க மாப்பிள்ளை. இப்பத்தானுங்க சம்பந்தி வீட்டுக்காரங்க வந்த மாதிரி இருக்குது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் சமாதானம் பேசப் போனார்.

தன்னை 'எங்க பையன்' என்று சொல்லி யாரும் சண்டை போட்டு ஈதன் கேட்டதே இல்லை. திரைகளின் ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்தான்.