வளையத்தைக் கடந்த மட்டை

அரையிறுதியில் விரிசல் விட்ட ஹாக்கி மட்டைக்கு பூவிழி நான்கு சுற்று டேப் ஒட்டியிருந்தாள். பள்ளி மாணவிகளுக்கான மாவட்டப் போட்டியின் இறுதி ஆட்டம் அன்று. நடுவர் வழக்கம்போல ஒவ்வொரு மட்டையையும் இரும்பு வளையத்துக்குள் விட்டுப் பார்த்தார். நுழையாத மட்டைக்கு ஆட்டம் கிடையாது.

டேப் ஒட்டிய இடம் வந்ததும் வளையம் இறுக்கிப் பிடித்தது.

"என்னக்கா, ஊதிப்போயிட்டீங்க? வெளியே உட்காருங்க," என்றது வளையம்.

"இந்த சீசன்ல பதினொரு கோல் அடிச்சவ நான். இன்னைக்கா உட்காருவேன்?" என்றது மட்டை.

பூவிழி அவசரமாக இரண்டு சுற்றை உரித்தாள். மட்டை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு வளையத்தைக் கடந்தது.

"ஓங்கி ஒரு அடி அடிச்சா ரெண்டாப் போயிடுவீங்க," என்றது வளையம்.

"அந்த ஒரு அடி போதும்டா."

இரு பக்கமும் கோல் விழாமல் ஆட்டம் கடைசி நிமிடத்துக்கு வந்தது. பந்து பூவிழியிடம் உருண்டு வந்தது. மட்டை தயங்கவில்லை. பந்து வலைக்குள் பாய்ந்தபோது மட்டை இரண்டாக முறிந்திருந்தது.

கோப்பையோடு படம் எடுக்கையில் தோழிகள் ஆளுக்கொரு மட்டையோடு நின்றார்கள். பூவிழி மட்டும் கைக்கொரு துண்டை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

"நேரா நில்லு, படம் எடுக்கறாங்க," என்றது கைப்பிடித் துண்டு.

"நான் பிறவியிலேயே வளைசல். நீ நில்லு," என்றது கோல் அடித்த துண்டு.